கொள் என்னும் வினைச்சொல்லும் பகைவர் காதலரான கதைகளும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகளை அழைத்துக்கொண்டு பெங்களூரு சர்ச் தெருவின் நூற்கடைகளில் ஒரு பிற்பகலைக் கழித்தேன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் வயதினர்க்கென்று ஒதுக்கப்பட்ட அடுக்குகளில் முக்கால் பங்கு அரியணை, மணிமுடி, வாள், முட்செடி ஆகியவை பொறித்த அட்டைகள்தாம். அவள் தேடியது ஹாலி பிளாக் 2018இல் வெளியிட்ட ‘தி க்ரூயல் பிரின்ஸ்’. தேவதைகளின் அரசவையில் வளரும் மானிடப் பெண்ணொருத்தி, அவளை இழிவுபடுத்தி மகிழும் இளவரசன் ஒருவன். மூன்று நூல்கள் முடிவதற்குள் அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் உரியவராகின்றனர். இவ்வகைக்கு இன்றைய வாசகர் வைத்திருக்கும் பெயர் ‘எனிமீஸ் டு லவ்வர்ஸ்’. பகைவராய்த் தொடங்கிக் காதலராய் முடிவோர் கதை.

“தமிழ்ல இந்த மாதிரி எதுவும் கிடையாதா சித்தி?” என்று கேட்டாள். ‘பார்த்திபன் கனவு’ என்று உடனே சொல்லிவிட்டேன். சொல்லிய விடை தவறன்று. எனினும் வாரம் முழுவதும் அவ்வினா என்னை விடவில்லை. இப்பதிவு அதன் விளைவு. சற்று நீளம், பொறுத்தருள்க.

முதலில் ஒரு தெளிவு. பகைநாட்டு அரசகுலத்தார் இருவர் மணந்துகொள்ளும் கதைகள் உலகெங்கும் உண்டு. அவை யாவும் இவ்வகையில் அடங்கா. இன்றைய வாசகர் இக்கதைகளில் தேடுவது திருமணத்தையன்று. பகைக்கும் காதலுக்கும் இடையே உள்ள காலத்தை. அவள் அவனை வெறுக்கிறாள். வெறுப்பதற்கு ஞாயமான காரணம் இருக்கிறது. அக்காரணம் ஒரே நாளில் மறைவதில்லை. அவள் பார்க்கிறாள், ஐயுறுகிறாள், தன் முடிவைத் தானே மாற்றிக்கொள்கிறாள். ரெனே அதியே 2015இல் ஆயிரத்தோர் இரவுகளின் கதையை எடுத்து எழுதிய ‘தி ராத் அண்ட் தி டான்’ நாவலில், தோழியைக் கொன்ற மன்னனைப் பழிவாங்கவே நாயகி அவனை மணக்க முன்வருகிறாள். அவ்வெண்ணம் கரைவதற்கு ஒரு நாவலின் பக்கங்கள் முழுவதும் தேவைப்படுகின்றன. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் அரசும் இல்லை, வாளும் இல்லை; ஆயினும் எலிசபெத்துக்கு அந்தக் கால இடைவெளி கிடைத்திருக்கிறது. ஆகவே தமிழில் நான் தேட வேண்டியது பகைவர் மணத்தை அன்று, இந்த இடைவெளியைத்தான்.

புறநானூற்றிலிருந்து தொடங்குவது எங்கள் துறையினரின் பழக்கம். இங்கே அது பழக்கத்தால் மட்டும் அன்று. 336ஆம் பாடல் தொடங்கி ஏறத்தாழ இருபது பாடல்கள் ‘மகட்பாற் காஞ்சி’ என்னும் துறையைச் சேர்ந்தவை. பெருவேந்தன் ஒருவன் பழங்குடித் தலைவன் ஒருவனின் மகளைக் கேட்டு வருகிறான். தந்தை மறுக்கிறான். வேந்தனின் யானைகள் ஊரைச் சூழ நிற்கின்றன. இனிப் போர் வரும், ஊர் பாழாகும் என்று புலவர் இரங்குகிறார். அத்துடன் பாடல் நின்றுவிடுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலும் இதனைக் காஞ்சித் திணையின் துறையாகவே வகுத்திருக்கிறது.

இப்பாடல்களை முதுகலை வகுப்பில் படித்தபோது எனக்கு உறுத்திய செய்தி ஒன்று உண்டு. அப்பெண்ணின் அழகைப் பற்றிப் புலவர்க்குச் சொல்ல நிரம்ப இருக்கிறது. தந்தையின் பிடிவாதம், வேந்தனின் சினம், தமையன்மாரின் வேல் அனைத்தும் பாடப்படுகின்றன. பரணர் ஒரு பாடலில் தாயையே பழிக்கிறார். இத்தனை அழகாய் மகளை வளர்த்தாளே, அறமற்றவள் என்று. அப்பெண் என்ன நினைத்தாள் என்று எவரும் கேட்கவில்லை. மணக்க விரும்பினாளா, வெறுத்தாளா, முற்றுகையிட்டு நின்றவனை மதில்மேலிருந்து ஒருமுறையேனும் பார்த்தாளா? அகத்திணையில் தலைவிக்கு அத்தனை சொற்களை ஈந்த மரபு, புறத்திணைக்குள் அவள் வந்ததும் வாயை மூடிவிடுகிறது. இன்றைய எழுத்தாளர் ஒருவர் கையில் இத்துறை கிடைத்தால் மூன்று தொகுதிகள் எழுதிவிடுவார்.

இங்கே மொழியியல் படித்தவளின் சிறு விலகலுக்கு இடம் தருக. ‘கொள்’ என்னும் வினையடியைப் பாருங்கள். ‘மதிரை கொண்ட’ என்பது முதற் பராந்தகனின் பட்டம். ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்பது ஆதித்த கரிகாலனின் பட்டம். இராசேந்திரன் கங்கை கொண்டான். அதே அடியிலிருந்து ‘கொள்ளை’ பிறக்கிறது. பட்டினப்பாலையில் அம்பலத்தில் விளக்கேற்றும் ‘கொண்டி மகளிர்’ பகைவர் நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டுவரப்பட்ட பெண்கள் என்று உரைகாரர் கூறுவர். இப்போது மணவீட்டுக்குள் வாருங்கள். கற்பு மணத்தைத் தொல்காப்பியர் விளக்கும்போது தலைவன் கொள்கிறான், பெற்றோர் கொடுக்கின்றனர். இன்றும் நம் ஊர்களில் ‘அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு’ என்பர். கணவனுக்குக் ‘கொண்டவன்’ என்று பெயர். நாட்டைக் கொள்வதற்கும் தலையைக் கொள்வதற்கும் பெண்ணைக் கொள்வதற்கும் ஒரே வினை. எழுவாயும் பெரும்பாலும் ஆண்தான். இதிலிருந்து பண்டைத் தமிழர் அனைவரும் பெண்ணைக் கொள்ளைப் பொருளாகக் கருதினர் என்று முடிவுகட்டுவது மொழியியல் ஆகாது. சொல் ஒன்று பல வாழ்க்கை வாழும். ஆயினும் இவ்வினையின் எழுவாய் இடத்தில் ஒரு பெண் எப்போது வந்து அமர்கிறாள் என்று தேடுவது, என் அக்காள் மகளின் வினாவுக்கு விடை தேடும் நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிக் கல்வெட்டுகள். பெங்களூருவில் இருந்துகொண்டு சோழர்–சாளுக்கியர் பகையை மறப்பது கடினம். இந்நகரின் பெயர் முதன்முதல் காணப்படுவதே ஒரு போர் நினைவில்தான். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, 890ஆம் ஆண்டளவைச் சேர்ந்த கன்னட நடுகல் ‘பெங்களூர்ப் போரில்’ மாண்டவனைக் குறிக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கபாடி சோழர் கைக்கு வந்தது. முடிகொண்டசோழ மண்டலம் என்று அதற்குப் பெயர் மாறிற்று, தலைக்காடு இராசராசபுரம் ஆயிற்று. இங்கிருந்து வடக்கே துங்கபத்திரை வரையிலான நிலம் இரு பேரரசுகள் மூன்று தலைமுறைக் காலம் மோதிக்கொண்ட களம்.

1054ஆம் ஆண்டளவில் பேராற்றங்கரைக் கொப்பத்தில் நடந்த போரில் சோழ மன்னன் இராசாதிராசன் யானைமீதே மாண்டான். அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான். அவ்வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்தி, கைப்பற்றிய பொருள்களை வரிசைப்படுத்துகிறது. யானைகள், குதிரைகள், ஒட்டகங்கள். அவற்றோடு சாளுக்கியனின் தேவியர். அவர்களில் இருவர்க்குப் பெயரும் உண்டு: சத்தியவ்வை, சாங்கப்பை. இவ்விரு பெயர்களின் ஈறுகளைக் கவனியுங்கள். அத்திமப்பெ போன்ற கன்னடப் பெண்பெயர்களில் வரும் அவ்வெ, அப்பெ என்னும் ஈறுகள்தாம் தமிழ்க் கல்வெட்டில் ஐகாரம் பெற்று நிற்கின்றன. கல்லில் எழுதியவன் பகைநாட்டு அரசியரின் பெயரைக் காதால் கேட்டுத் தன் மொழியின் வாய்ப்பாட்டுக்குள் அடக்கியிருக்கிறான். முதன்முறை இதைப் படித்த நாளில் ஒலிமாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மகிழ்ச்சியோடு எழுந்தேன். அப்பெயர்கள் ஒட்டகத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கின்றன என்பது சில நாள் கழித்தே மனத்தில் தைத்தது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடந்தது எந்த அரசகுலக் கற்பனைக்கும் குறைந்ததன்று. 1068இல் சாளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரன் தீராத நோயால் வருந்திக் குருவத்தியில் துங்கபத்திரையில் இறங்கி உயிர்விட்டான். மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரன் அரியணை ஏறினான். இளையவன் விக்கிரமாதித்தனுக்கு அண்ணனோடு பகை. அவன் துணை தேடிச் சென்றது தன் தந்தையின் பரம எதிரியான வீரராசேந்திர சோழனிடம். வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அவனுக்குக் கண்டிகை சூட்டி இரட்டபாடி ஏழரை இலக்கத்தைத் தந்ததாகப் பெருமை பேசுகிறது. சாளுக்கியர் அவைப்புலவர் பில்ஹணர் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: விக்கிரமாதித்தனின் வீரத்தை அஞ்சிய சோழன் தானே வந்து மகளைக் கொடுத்தானாம். அவரவர் ஊரில் அவரவர் வென்றனர்.

பில்ஹணர் காசுமீரத்திலிருந்து கலியாணபுரத்துக்கு, அதாவது இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவகலியாணத்துக்கு, வந்து புகழ்பெற்றவர். அவருடைய ‘விக்கிரமாங்கதேவ சரிதம்’ ஜெர்மானிய அறிஞர் கியோர்க் பியூலர் 1874இல் ஜைசல்மேர்ச் சுவடி நிலையத்தில் கண்டெடுக்கும்வரை மறைந்தே கிடந்தது. அக்காவியத்தில் விக்கிரமாதித்தனின் மற்றொரு மனைவி, கரகாட்டத்துச் சிலாகார இளவரசி சந்திரலேகை, வருகிறாள். வசந்தம் வருகிறது, அவளது அழகு அடிமுதல் முடிவரை வருணிக்கப்படுகிறது, சுயம்வரம் நடக்கிறது. சருக்கக் கணக்கில் கவி அவளுக்கு இடம் தருகிறார். சோழன் மகளுக்கோ பெயர்கூட இல்லை. அவள் ‘சோழனின் மகள்’. உடன்படிக்கையின் ஒரு விதி.

போரில் பிடிபட்ட சத்தியவ்வைக்கும் சாங்கப்பைக்கும் கல்லில் பெயர் நிற்கிறது. முறைப்படி மணமுடித்துக் கொடுக்கப்பட்டவளுக்குக் காவியத்தில் பெயரில்லை. வென்றவனுக்குக் கைப்பற்றிய அரசியரின் பெயர் தேவைப்பட்டது. பெயர் சொன்னால்தான் வெற்றிக்கு மதிப்பு. மணமகளைப் பொறுத்தவரை தந்தையின் பெயரே போதுமானதாயிற்று. எல்லாச் சோழ இளவரசியர்க்கும் இதுவே கதி என்று நான் சொல்லவில்லை. வேங்கிக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட இராசராசன் மகள் குந்தவையையும் இராசேந்திரன் மகள் அம்மங்கையையும் நாம் பெயரால் அறிவோம். ஆனால் வேங்கி உறவு நாடு, கலியாணபுரம் பகைநாடு.

மணம் நடந்தபின் அவளுக்கு நேர்ந்தவற்றைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தேன். 1070இல் தந்தை வீரராசேந்திரன் இறந்தான். சோழநாட்டில் குழப்பம். கணவன் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் சென்று, அவள் உடன்பிறந்தான் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்திவிட்டுத் துங்கபத்திரைக்கரை திரும்பினான். திரும்பிய சில நாள்களில் அதிராசேந்திரன் கொல்லப்பட்டான் என்ற செய்தி வந்தது. வேங்கியிலிருந்து வந்த அம்மங்கையின் மகன் குலோத்துங்கன் சோழ அரியணையைக் கைப்பற்றினான். அதன்பின் அவள் கணவனுக்கும் சோழ அரசுக்கும் நெடுங்காலப் பகை. ஆக, பகைவன் மகளாய் வந்தவள், பகை முடிந்தது என்று நம்பிய ஓராண்டுக்குள், தந்தையும் உடன்பிறந்தானும் இல்லாமல், மீண்டும் பகைநாட்டுப் பெண்ணாய் அந்த அரண்மனையில் இருந்தாள். 1076இல் விக்கிரமாதித்தன் அண்ணனை வென்று முடிசூடித் தன் பெயரால் புதிய ஆண்டுமானமும் தொடங்கினான். அவனுடைய அரசியர் சிலர் நாட்டுப் பகுதிகளை ஆண்டதைக் கன்னடக் கல்வெட்டுகள் பெயர் சொல்லிப் பேசுகின்றன.

அரசவையும் வாளும் துரோகமும் இருக்கின்றன. இடைவெளி மட்டும் எழுதப்படவில்லை.

எழுதப்பட்ட இடங்களுக்கு வருகிறேன். மதுரையில் இரண்டு அரசியர் இருக்கின்றனர், ஒருத்தி கோயிலில், ஒருத்தி கதைப்பாடலில். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டியார் எண்டிசையும் வென்று கயிலையை முற்றுகையிடுகிறார். சிவகணங்களைத் தோற்கடிக்கிறார். சிவபெருமானைக் கண்ட நொடியில் மூன்றாம் கொங்கை மறைய, நாணித் தலைகுனிகிறார். சித்திரைத் திருவிழாவிலும் திக்குவிசயத்துக்கு மறுநாளே திருக்கலியாணம். இன்றைய வாசகியர் ‘ஸ்லோ பர்ன்’ என்று கொண்டாடும் மெல்லெரி இங்கே நொடியில் எரிந்து முடிகிறது. புராணத்தில் அது பொருத்தமே. அவர் தம் கணவரை அறிந்துகொள்வதாகவே கதை, மனம் மாறுவதாக அன்று.

மற்றவள் அல்லி. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ பெரிய எழுத்துப் புத்தகமாக எத்தனையோ தலைமுறை வீடுகளில் இருந்தது. (நளவெண்பா பாடிய புகழேந்தி வேறு என்பதே ஆய்வாளர் பலர் கருத்து.) நீன்முகனை வென்று மதுரையை மீட்டவள், பெண்களைக்கொண்டே அரசு நடத்துபவள், ஆண் துணை வேண்டாதவள். தீர்த்தயாத்திரை வந்த அருச்சுனன் அவள்மேல் மையல் கொள்கிறான். அவள் இணங்கவில்லை. கண்ணனின் சூழ்ச்சியால் பாம்பாய் மாறிப் பள்ளியறைக்குள் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் சீறுகிறாள், தாலியை ஏற்க மறுக்கிறாள், போர் மூள்கிறது. இறுதியில் மனைவியாகிறாள், புலந்திரனைப் பெறுகிறாள். ‘பவளக்கொடி’ கதையிலோ அருச்சுனன்மேல் மீண்டும் சினந்தெழுகிறாள். அக்கதைதான் 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்க, தியாகராச பாகவதரின் முதற்படமாக வந்தது.

அல்லி கதையைக் காதல் கதை என்று என்னால் கூற இயலவில்லை. உறங்குபவள் கழுத்தில் கட்டப்பட்ட தாலி, நான் தேடும் இடைவெளியையே திருடிவிடுகிறது. அவள் மனம் மாறுவதற்கு முன்பே முடிவு அவள் கழுத்தில் இருக்கிறது. ஆயினும் அவளுடைய சினத்தைக் கதைப்பாடல் மறைக்கவில்லை. அது எழுந்தோங்கி நிற்கிறது. இக்கதையைப் பாடக்கேட்ட பெண்கள் எந்தப் பகுதிக்காகக் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. நம் பேச்சு வழக்கு ‘அல்லி ராஜ்யம்’ என்னும் தொடரை ஏளனத்துக்கு வைத்துக்கொண்டது. வீட்டில் பெண்ணின் சொல் எடுபட்டால் அல்லி ராஜ்யம். பாம்பாய் நுழைந்தவன் பெயரால் ஓர் ஏளனத் தொடரும் தோன்றவில்லை.

ஆகவே ‘பார்த்திபன் கனவு’ என்று நான் அவசரத்தில் சொன்ன விடைக்கே திரும்பி வருகிறேன். 1941இல் தொடங்கிய தம் இதழில் கல்கி எழுதிய முதல் வரலாற்றுத் தொடர்கதை அது. பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரில் மாண்ட சோழன் பார்த்திபனின் மகன் விக்கிரமன். அப்பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மனின் மகள் குந்தவி. உறையூரில் புலிக்கொடி ஏற்ற முயன்று பிடிபட்டுக் கைதியாய்ச் செல்பவனை அவள் காண்கிறாள். அவன் நாடு கடத்தப்படுகிறான். ஆண்டுகள் கழித்து, திரும்பினால் மரண தண்டனை என்று அறிந்தும், இரத்தின வணிகன் வேடத்தில் வருகிறான். காய்ச்சலில் விழுந்தவனை அவள் பேணுகிறாள். தந்தையோடு வாதிடுகிறாள். விக்கிரமனுக்கோ, தந்தையின் கனவுக்கும் தந்தையை வென்றவன் மகளுக்கும் இடையே இழுபறி. இங்கே காலம் இருக்கிறது. கடல் நடுவே கிடக்கிறது, ஆண்டுகள் கடக்கின்றன, இருவரும் எண்ணிப் பார்க்கின்றனர். அவ்வகையில் இது முதல் என்றே கருதுகிறேன். பின்னர் வந்த சாண்டில்யனின் ‘யவன ராணி’யில் புகாரில் கரையொதுங்கும் அயல்நாட்டு அரசகுமாரிக்கும் படைத்தலைவன் இளஞ்செழியனுக்கும் இடையிலான இழுப்பு இதைவிடக் காரமானது, ஆனால் அங்கே நாம் பெரும்பாலும் இளஞ்செழியனின் கண்வழியே பார்க்கிறோம். ‘பொன்னியின் செல்வ’னில் நந்தினியும் கரிகாலனும் வழியைத் தலைகீழாக நடக்கின்றனர், காதலில் தொடங்கிப் பகையில் முடிகின்றனர்.

‘பார்த்திபன் கனவி’லும் எனக்கொரு மனக்குறை உண்டு. சிவனடியார் வேடத்தில் வந்து பார்த்திபனுக்கு வாக்களித்தவர் நரசிம்மவர்மனே என்று இறுதியில் தெரியவரும்போது, பகை இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. பகைவன் பகைவனே அல்லன். விக்கிரமனுக்கு நாட்டையும் குந்தவியையும் சக்கரவர்த்தியே தருகிறார். கொள்வினையும் கொடுப்பினையும் மீண்டும் ஆண்கள் கையில். விடுதலைப் போராட்டத்தின் உச்சத்தில், 1942ஐ ஒட்டி இத்தொடரைப் படித்தவர்க்கு, பேரரசன் தானே மனமுவந்து விடுதலை தருவது எத்தகைய கனவாய் இருந்திருக்கும் என்பது தனியே எழுதத்தக்கது.

‘மணந்துகொண்டாள்’ என்று இன்று இயல்பாக எழுதுகிறோம். அங்கே ‘கொள்’ துணைவினை. கைப்பற்றல் என்னும் பொருள் தேய்ந்து, செயலின் பயனைச் செய்பவர்க்கே திருப்பும் இலக்கண உறுப்பாகிவிட்டது. அதன் எழுவாயாகப் பெண் நிற்பதில் யார்க்கும் தடையில்லை.

இவற்றையெல்லாம் நேற்று மாலை தொலைபேசியில் அக்காள் மகளிடம் சொன்னேன். அல்லியின் கதையைக் கேட்டு அருவருத்தாள். சோழன் மகளின் கதையை முழுவதும் கேட்டாள். பெயர் தெரியாது என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மொழியியல் படித்த எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய வினாவை அவள் கேட்டாள்:

“அந்தப் பொண்ணுக்குத் தமிழ், அவருக்குக் கன்னடம். அவங்க ரெண்டு பேரும் எந்த மொழியில பேசிக்கிட்டாங்க சித்தி?”